எல்லைச் சாவடியருகே ஒரு குரல்

சேலத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பேருந்து கிருஷ்ணகிரியைக் கடந்து மேட்டில் ஏறத் தொடங்கியதும், சன்னல் வழியே வரும் காற்றில் ஒரு குளிர்ச்சி தட்டும். சூளகிரியைத் தாண்டி ஓசூரை அடையும்போது நாம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் நிற்கிறோம். ரோஜாத் தோட்டங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஒருசேரப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கிருந்து பெங்களூருச் சாலையில் இன்னும் சில கிலோமீட்டர் சென்றால் தமிழகத்தின் கடைசி ஊர் வந்துவிடும். அதுதான் ஜூஜுவாடி. அதற்கு அப்பால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி.

ஜூஜுவாடியை அறியாத லாரி ஓட்டுநர் தென்னாட்டில் இருக்க மாட்டார். சோதனைச் சாவடியின் பெயராகவே அவ்வூரைப் பலரும் அறிவர். 2017-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது வணிகவரிச் சாவடிகள் நீங்கின. லாரிகள் காத்து நின்ற நேரம் குறைந்தது. ஆனால் அவை எழுப்பும் ஓசை குறைந்ததா? இல்லை. காசுமீரத்தின் சிறீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அவ்வூரின் மார்பின்மீது ஓடுகிறது. இரவும் பகலும் அது உறங்குவதில்லை.

சாலையின் இருபுறமும் தொழிற்கூடங்கள். 1970-களில் சிப்காட் நிறுவனம் ஓசூர்ப் பகுதியில் தொழிற்பேட்டையை அமைத்தபின், மானாவாரிக் கேழ்வரகும் அவரையும் விளைந்த நிலத்தில் பெருந்தொழில்கள் எழுந்தன. லாரியும், இருசக்கர வண்டியும், கைக்கடிகாரமும் அங்கே உருவாகலாயின. பெரிய ஆலைகளுக்கு உதிரி உறுப்புகள் செய்துதரும் சிறு பட்டறைகள் ஒவ்வொரு தெருவிலும் முளைத்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசி வாழ்ந்த மண்ணில் இன்று இந்தியும் ஒடியாவும் வங்காளமும் கேட்கின்றன. தேநீர்க் கடையில் ஐந்து நிமிடம் நின்றால் ஐந்து மொழிகள் காதில் விழும்.

இத்தகைய ஊருக்குச் சில திங்கள்களுக்கு முன் நான் சென்றது ஒரு மைக் வாங்குவதற்குத் துணையாக என்றால் வாசகர்கள் வியப்படையலாம். 'ஒலிவாங்கி' என்று ஏட்டில் எழுதினாலும், மைக் என்றால்தான் நம் பங்குகளில் எவர்க்கும் புரியும். ஆகவே மைக் என்றே எழுதுகிறேன்.

தொண்டையில் இருந்த ஏடு

என்னை அழைத்தவர் என் பள்ளித் தோழர். ஓர் உதிரி உறுப்புத் தொழிற்கூடத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். ஜூஜுவாடியில், நெடுஞ்சாலையிலிருந்து மூன்றாவது தெருவில் சிறு வீடு கட்டிக் குடியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு வயது எண்பத்திரண்டு. பிறந்த ஊர் கிருஷ்ணகிரியை அடுத்த எலத்தகிரி.

தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கும் வழக்கம் நம் ஊர்கள் பலவற்றில் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் எழுத்து அது. நூல் அச்சில் இருக்கிறது. ஆனால் அதை வாசிக்கும் இராகம் ஊருக்கு ஊர் வேறு. வீட்டுக்கு வீடுகூட வேறு. தோழரின் பாட்டனார் தம் ஊரில் அதை வாசித்தவராம். பெண்பிள்ளை அருகில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே முழு இராகத்தையும் பிடித்துக்கொண்டார். உடன்பிறந்த ஆண்மக்கள் மூவரும் காலமாகிவிட்டனர். இப்போது அந்த இராகம் இருக்கும் ஒரே இடம் அந்த அம்மையாரின் தொண்டைதான். சுரம் எழுதி வைத்தவர் எவருமில்லை.

அந்தத் தொண்டைக்கே ஆபத்து வந்தது. கழுத்தில் இருந்த தைராய்டுக் கட்டியை அறுத்து அகற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல்நாண்களை இயக்கும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே செல்வதால் குரல் மாறினாலும் மாறலாம் என்றும் எச்சரித்தார். அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. எஞ்சியிருந்தவை இருபத்திரண்டு நாட்கள்.

"உனக்குப் பாட்டுக் குழுவிலே பழக்கம் உண்டே, வந்து பாரேன்" என்று தோழர் தொலைபேசியில் அழைத்தபோது நான் மறுக்கவில்லை.

முதல் முயற்சி

நான் போய்ச் சேர்வதற்கு முன்னரே தோழரின் மகன் ஒரு முயற்சி செய்து பார்த்திருந்தான். கல்லூரியில் படிக்கும் பிள்ளை. இணையத்தில் தேடி, பளபளக்கும் ஒரு கண்டென்சர் மைக்கை 2,400 ரூபாய்க்கு வரவழைத்திருந்தான். மேசையில் பொருத்தும் மடக்குத் தாங்கி, வலை, நுரைத் தொப்பி எல்லாம் சேர்த்து அந்த விலை. படத்தில் பார்த்தால் பெரிய ஒலிப்பதிவுக் கூடத்து மைக்கைப் போலவே இருந்தது.

பாட்டியைக் கூடத்தில் நாற்காலியில் அமர்த்தி, மைக்கை ஓர் எட்டுத் தள்ளி வைத்துப் பதிந்திருந்தான். அதை எனக்குப் போட்டுக் காட்டினான். என்ன கேட்டது தெரியுமா? நெடுஞ்சாலையில் லாரி பிரேக் போடும்போது எழும் 'புஸ்' என்ற காற்றோசை; பக்கத்துப் பட்டறையின் கம்ப்ரசர்; அடுத்த வீட்டுக் குக்கரின் விசில்; மின்விசிறியின் காற்று; சுவர்க் கடிகாரத்தின் 'டிக் டிக்'. இவை அனைத்துக்கும் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல, அந்த அம்மையாரின் குரல்.

"மாமா, நல்ல மைக்தான் என்று எல்லாரும் எழுதியிருந்தார்களே" என்றான் பிள்ளை, முகம் வாடி.

மைக் மீது பாதிக் குற்றமும் இல்லை. அது தன் வேலையைச் செய்தது. அந்த வீட்டில் இருந்த ஒலிகளை எல்லாம் உண்மையாகவே எடுத்துக் கொடுத்தது. நாம்தான் பெரிய அமைதிக்குப் பழகிய ஒன்றை நெடுஞ்சாலை ஓரத்துக்குக் கொண்டு வந்துவிட்டோம்.

கடைக்காரர் கேட்ட கேள்வி

மறுநாள் காலை தோழரும் பிள்ளையும் நானுமாகப் பெங்களூருக்குப் புறப்பட்டோம். கையில் 10,000 ரூபாய், அதற்குமேல் இயலாது. எல்லையைக் கடந்து பேருந்தில் பொம்மசந்திரா சென்று, அங்கிருந்து மெட்ரோ இரயில். 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் தடம் அது. முன்பு எலக்ட்ரானிக் சிட்டியையும் சில்க் போர்டு சந்திப்பையும் கடக்கவே அரைநாள் போய்விடும். இப்போது அந்த நெரிசலை மேலிருந்து பார்த்துக்கொண்டே ஆர்.வி. ரோடு வரை சென்று, பச்சைத் தடத்திற்கு மாறி, சிக்பேட்டில் இறங்கினோம்.

அங்கிருந்து நடக்கும் தொலைவில் எஸ்.பி. ரோடு. சதர் பத்ரப்பா சாலை என்பது அதன் முழுப்பெயர். சென்னையில் ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூரில் அது அப்படி. மின்னணுப் பொருள் எதுவாயினும் அந்த நெருக்கமான சந்துகளில் கிடைக்கும். வயர்ச் சுருள்களும் ஒலிபெருக்கிகளும் வாசல் வரை அடுக்கப்பட்டிருக்க, சுமை தூக்குவோர் வழிவிடச் சொல்லி அதட்டிக்கொண்டே செல்கின்றனர்.

நான்கு கடைகளில் ஏறி இறங்கினோம். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு ரூபாயில் வேண்டும்?" ஐந்தாவது கடையில் இருந்தவர் நரைத்த தலையர். நன்றாகத் தமிழ் பேசினார். அவர் விலையைக் கேட்கவில்லை. "எங்கே வைத்துப் பதியப் போகிறீர்கள், ஐயா?" என்று கேட்டார்.

"ஜூஜுவாடியில், வீட்டில்."

"செக்போஸ்ட் பக்கமா?" என்று சிரித்தார். "யார் பாடுவது?"

சொன்னோம். சற்றே யோசித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த விலையுயர்ந்த மைக்குகளை அவர் தொடவே இல்லை. மேல் தட்டிலிருந்து மேடைகளில் கையில் பிடித்துப் பாடும் சாதாரண டைனமிக் மைக் ஒன்றை எடுத்து வைத்தார். விலை 2,100 ரூபாய்.

பிள்ளைக்கு ஏமாற்றம். "இது கோவில் மைக் மாதிரி இருக்கிறதே!" என்று என் காதில் முணுமுணுத்தான். அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். "ஆமாம் தம்பி, அதே சாதிதான். கூட்டத்துக்கு நடுவிலே வாய்க்கு எதிரே இருக்கிற குரலை மட்டும் எடுப்பதற்காகச் செய்தது. உங்கள் தெருவும் கூட்டம்தானே?" என்றார்.

இருவகை மைக்குகள்

அவர் விளக்கியதையும் நான் அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் பங்குகளில் பாடகர் குழு வைத்திருப்போர்க்கும், வீட்டில் சிறு ஒலிப்பதிவு அறை அமைக்க விரும்பும் இளைஞர்க்கும் பயன்படும்.

டைனமிக் மைக்கின் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று. அதில் ஒட்டிய நுண்ணிய கம்பிச் சுருள். அதைச் சூழ்ந்து ஒரு காந்தம். குரல் பட்டுச் சவ்வு அசையும்போது சுருளும் காந்தப்புலத்தில் அசைந்து மின்சாரம் பிறக்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. கம்பிச் சுருளையும் சுமந்துகொண்டு அசைய வேண்டியிருப்பதால் மிக நுண்ணிய ஒலிகளுக்கு அந்தச் சவ்வு எளிதில் இணங்குவதில்லை. முரட்டுப் பிள்ளை, கீழே விழுந்தாலும் தாங்கும். உலக மேடைகளில் எல்லாம் காணப்படும் ஷூர் எஸ்.எம். 58 இந்த வகை. 1966-இல் வெளிவந்து இன்றும் விற்பனையாகிறது. 1940-இல் தொடங்கப்பட்ட நம் நாட்டு அகுஜா நிறுவனமும் இவ்வகை மைக்குகளைச் செய்கிறது. அதன் பெயரைப் பொறித்த பெட்டி இல்லாத கோவில் சாக்கிறிஸ்து தமிழகத்தில் அரிது.

கண்டென்சர் மைக்கில் கம்பிச் சுருள் இல்லை. மின்னேற்றம் பெற்ற இரு மெல்லிய தகடுகள் மயிரிழை இடைவெளியில் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று சவ்வாக அசைகிறது. சுமை இல்லாததால் ஊசி விழும் ஓசையையும் அது உணரும். 1916-இல் அமெரிக்கப் பொறியாளர் வென்ட் இதனைக் கண்டுபிடித்தார். இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவை. ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட்டை 'ஃபேண்டம் பவர்' என்பர். மலிவான சில மைக்குகளைக் கணினியில் நேரே செருகினால் போதிய வோல்ட் கிடைக்காமல் குரல் மெலிந்து இரைச்சல் மிகும். முதல் முயற்சியில் எங்கள் பிள்ளை கண்டதில் ஒரு பங்கு இதுவே.

மூன்றாவதாக எலெக்ட்ரெட் என்றொரு வகை. மின்னேற்றத்தை நிலையாகத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொருளால் ஆனது. 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்டு செஸ்லர் என்ற இருவர் உருவாக்கினர். சட்டைக் காலரில் குத்தும் மைக் பெரும்பாலும் இவ்வகைதான். ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். நேர்காணலுக்கும் கதை சொல்வதற்கும் அது நல்லது. ஆனால் பெரும்பாலானவை நான்கு பக்கத்து ஒலியையும் சமமாக எடுப்பவை. அமைதியான இடமில்லையேல் அதுவும் லாரிக்கு இடம் கொடுத்துவிடும்.

அப்படியானால் கண்டென்சர் மோசமானதா? இல்லவே இல்லை. அதே தோழர் தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் அமைதியான ஒரு தோட்டத்து வீட்டில் குடியிருந்தால், மெல்லிய முதிய குரலுக்கு நான் கண்டென்சரையே வாங்கச் சொல்லியிருப்பேன். குரலின் நெளிவையும் மூச்சின் ஈரத்தையும் எடுத்துக் காட்டுவதில் அதற்கு நிகரில்லை. எந்த மைக் உயர்ந்தது என்று கேட்பதைவிட எந்த வீட்டுக்கு எந்த மைக் என்று கேட்பதே முறை.

வாங்கச் செல்லுமுன் எவரும் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. பதிவு செய்ய நினைக்கும் அறையில் எவரும் பேசாமல் ஒரு நிமிடம் கைபேசியில் பதிந்து, காதுக்கருவி மாட்டிக் கேட்டுப் பாருங்கள். நம் காது பழகி மறந்துபோன ஒலிகள் எல்லாம் அப்போது வெளிப்படும். அந்த ஒரு நிமிடம் சொல்லும், உங்கள் வீட்டுக்கு எந்த மைக் ஏற்றது என்று.

ஒரு சாணின் கணக்கு

கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். "மைக்கை வாயிலிருந்து நான்கு விரற்கடைக்குமேல் தள்ளாதீர்கள்."

இதில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஒலி பிறக்குமிடத்திற்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால், மைக்கில் படும் ஒலியழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகும். 32 அங்குலத்தில் இருந்த மைக்கை 16-க்கும், பின் 8-க்கும், பின் 4-க்கும் கொண்டு வந்தால் குரல் எட்டு மடங்கு பெருகுகிறது. ஆனால் மூன்று தெருவுக்கு அப்பால் ஓடும் லாரிக்கு இந்த இரண்டரை அடி ஒரு பொருட்டா? அதன் ஓசை இருந்தபடியே இருக்கிறது. காசு செலவின்றி, இடத்தை மாற்றுவதாலேயே லாரியை எட்டு மடங்கு பின்னுக்குத் தள்ளிவிட்டோம்.

மற்றொன்று: இவ்வகை மைக்குகள் முன்பக்கத்து ஒலியை நன்கு ஏற்று, பின்பக்கத்து ஒலியைப் பெரிதும் தள்ளிவிடும். அவை ஒலியை ஏற்கும் பரப்பைத் தாளில் வரைந்தால் இதயத்தின் வடிவம் வரும். ஆகவே மைக்கின் முதுகைச் சாலைப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். பாடுபவர் சாலையை நோக்கி அமர்ந்தால் அது தானே அமைந்துவிடும்.

மிக அருகில் வைப்பதில் இரண்டு குறைகளும் உண்டு. குரலின் கனம் இயல்புக்கு மேல் கூடும். 'ப' என்று தொடங்கும் சொற்களில் காற்று மோதி 'பொத்' என்று வெடிக்கும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்தின் ஓரமாகச் சற்றே சாய்த்து வைத்தால் வெடிப்பு குறையும். தையல் வேலைக்குப் பயன்படும் வளையத்தில் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டி இடையில் நிறுத்தினால் காற்று தடைபடும்.

அன்று நாங்கள் வாங்கியவை: டைனமிக் மைக் 2,100 ரூபாய், மைக்கையும் கணினியையும் இணைக்கும் சிறு ஒலிப் பெட்டி 4,700, மூன்று முனை கொண்ட எக்ஸ்.எல்.ஆர். கேபிள் 450; தாங்கி 800. ஆக மொத்தம் 8,050. கோவில்களில் வழங்கும் தடித்த ஒற்றை முனைக் கேபிளை வாங்க வேண்டாம் என்று கடைக்காரர் தடுத்தார். மூன்று முனைக் கேபிளில் அயல் மின்னிரைச்சல் தன்னைத்தானே நீக்கிக்கொள்ளும். பட்டறை மின்கம்பிகள் சூழ்ந்த தெருவுக்கு அதுவே தக்கது. புகழ்பெற்ற மைக்குகளின் பெயரில் போலிகள் உலவுவதையும் சொல்லி, "பெரிய பெயர் பாதி விலைக்குக் கிடைத்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள்" என்றார்.

மின்தடை நாள்

மைக் வந்துவிட்டது, அறை? கூடத்தின் தரை வழவழப்பான ஓடு, சுவர் சிமெண்டுக் கல், மேலே கான்கிரீட். கை தட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் தாவியது. கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போன்ற குரலுக்குக் காரணம் அதுவே. ஆகவே கூடத்தை விட்டு, துணிப் பீரோ இருந்த உள்ளறையைத் தேர்ந்தோம். பீரோவின் கதவுகளைத் திறந்து வைத்தோம். அடுக்கிய சேலைகளும் வேட்டிகளும் ஒலியை விழுங்கின. தரையில் சமுக்காளம். சாலையை நோக்கிய சன்னலில் இரண்டு கம்பளிகள். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பஞ்சு மெத்தையைச் செங்குத்தாக நிறுத்தினோம். செலவு ஒரு காசுமில்லை.

எந்த நேரத்தில் பதிவது என்பதே அடுத்த கேள்வி. பெங்களூரு நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உள்ளதால் இரவில் எல்லைச் சாலை ஓய்வதே இல்லை. பகலிலோ பட்டறைகள். அப்போது தோழரின் மனைவியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "வியாழக்கிழமை காலையிலே மாதாந்திரக் கரண்ட் கட், அன்றைக்குப் பட்டறை எல்லாம் மூடியிருக்குமே" என்றார்.

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டைனமிக் மைக்குக்கு மின்சாரம் வேண்டாம். ஒலிப் பெட்டி மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் பெறும். மடிக்கணினிக்குப் பேட்டரி உண்டு. எல்லா வீடுகளும் சபிக்கும் மின்தடை நாள் எங்களுக்கு நல்ல நாளாயிற்று.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. மின்விசிறி நின்றது. கம்ப்ரசர்கள் ஓய்ந்தன. தொலைவில் சில ஆலைகளின் ஜெனரேட்டர் முழக்கமும் நெடுஞ்சாலையும் மட்டும் மிஞ்சின. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அடுக்களையில் அரிசிப் பானைமேல் வைத்தான் பிள்ளை. அதுவும் ஓசூரில் செய்ததே என்று சொல்லித் தோழர் சிரித்தார்.

அம்மையார் வந்து அமர்ந்தார். மைக்கைக் கண்டதும் குரல் எழவில்லை. "இந்த இரும்பைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பாட வராதப்பா" என்றார். மைக்கை அகற்றவும் இயலாது. சற்று நேரம் விழித்தோம். பிறகு தோழர், மைக்குக்கு அப்பால், தாயாரின் கண்ணுக்கு நேரே தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். அட்டை கிழிந்த பழைய புத்தகத்தை மடிமேல் விரித்து, "அம்மா, எனக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்றார். அறுபது வயது மகன்! ஐம்பது ஆண்டுகளாகக் கேட்காத கேள்வி. அம்மையார் அவரை ஒரு கணம் உற்று நோக்கினார். பிறகு தொடங்கினார்.

பாடும்போது அவர் தலை பக்கவாட்டில் அசைந்தது. அசைந்தால் தூரம் மாறிக் குரல் ஏறி இறங்கும். பிள்ளை ஓசையின்றி எழுந்து ஒரு தலையணையை அவர் கழுத்துக்குப் பின்னால் செருகினான். அதன்பின் இரண்டு மணி நேரம், இடையிடையே வெந்நீர் அருந்தி, ஏழு பகுதிகளைப் பாடி முடித்தார். எட்டாவது பகுதியின் நடுவில் இருமல் வந்தது. "மீதியை நாளைக்கு" என்றார். மறுநாள் பட்டறைகள் ஓடின. இருந்தும் மைக்கும் மெத்தையும் தங்கள் வேலையைச் செய்தன. அறுவைக்கு இன்னும் பதினோரு நாட்கள் இருக்கும்போதே இராகம் முழுவதும் கணினியில் ஏறிவிட்டது.

போட்டுக் கேட்டோம். குரல் முன்னே நின்றது. நெடுஞ்சாலை எங்கோ தொலைவில் ஆற்றின் இரைச்சலைப் போல. ஓரிடத்தில் மட்டும் ஒரு லாரியின் ஹாரன் மெல்லியதாகக் கேட்டது. அதை நீக்கிவிடலாம் என்றான் பிள்ளை. அம்மையார் தடுத்தார். "இருக்கட்டும் சாமி. முப்பது வருசமா இந்த ஊர்லதான இருக்கேன்" என்றார்.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள்

திருச்சபை மைக்கை அந்நியமாக என்றும் கருதியதில்லை. 1931 பிப்ரவரி 12 அன்று மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியில் பதினொன்றாம் பத்திநாதர் மைக்கின் முன் நின்று உலகுக்குப் பேசினார். அன்று அரிதாயிருந்த அந்தக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைபேசிக்குள் இருக்கிறது. ஆயினும் நம் வீட்டு முதியோரின் குரல்களில் எத்தனை பதிவாகியிருக்கின்றன? திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் ஆயிரம் படம் எடுக்கிறோம். பாட்டியின் தாலாட்டை, தாத்தாவின் கூத்துப் பாட்டை, அத்தையின் ஒப்பாரியை எவர் எடுத்து வைத்தார்?

மைக் வாங்க வசதியில்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். பங்கின் பாடகர் குழுவில் கேட்டால் ஒருநாள் இரவல் தருவார்கள். அதுவும் இல்லையேல் கைபேசியே போதும். துணிகள் நிறைந்த அறையில், விசிறியை நிறுத்தி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பதியுங்கள். கணினி உள்ளவர்கள் அடாசிட்டி என்ற மென்பொருளை விலையின்றிப் பெறலாம். சுருக்காத கோப்பாகச் சேமித்து, இரண்டு வேறு இடங்களில் படி வையுங்கள். பதிவின் தொடக்கத்தில் பாடுபவரின் பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றார் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கேட்பவர்க்கு அதுவே முகவரி.

அறுவை நலமாக முடிந்தது. மருத்துவர் எச்சரித்தபடியே அம்மையாரின் குரல் கம்மிவிட்டது. பேசுகிறார், மேல் ஸ்தாயி எட்டவில்லை. சென்ற முறை நான் போயிருந்தபோது உள்ளறையில் அந்தப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. தோழர் கூடவே பாடினார். ஓரிடத்தில் இராகம் தவறியது. கட்டிலில் படுத்திருந்த அம்மையார் கையை உயர்த்தி, கம்மிய குரலில், "அங்கே இறங்காதே, இன்னும் ஒரு படி ஏறு" என்றார்.

தோழர் பதிவை நிறுத்தி, பின்னோக்கி நகர்த்தி, மறுபடியும் கேட்டார். பிறகு ஏறினார்.